சாளுவன்குப்பத்து மணலில் ஒரு ப

"ஒத்த எழுத்த வச்சிகினு எவ்ளோ நேரம்மா ஓட்டுவ? வண்டிக் கதவு தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிபூடுமே."

என்னிடம் இதைச் சொன்னவர் ஏகாம்பரம் அண்ணன். மாமல்லபுரத்தில் நான் வழிகாட்டி வேலைக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே பழம் தின்று கொட்டை போட்டவர். ஆங்கிலம், இந்தி, தேவைப்பட்டால் பிரெஞ்சு. ஒரு பாறையைக் காட்டி அரைமணி நேரம் சிரிக்க வைப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரே ஓர் எழுத்தை வைத்து, அதுவும் ப என்ற எழுத்தை வைத்து, ஒரு காலைப்பொழுது முழுக்கச் சுற்றுலா நடத்துகிறேன் என்று ஒரு பெண் வந்து சொன்னால் நீங்களும் அதையேதான் கேட்டிருப்பீர்கள்.

இந்த வாரம் முதல் அந்த நடைச் சுற்றுலாவை நடத்தப்போகிற வழிகாட்டிகள் நீங்கள். அரசன் பெயர், மண்டபத்தின் காலம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், இளநீர் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒரு காலையைப் பற்றித்தான் நான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ப என்னிடம் வந்த கதை. எங்கள் வீடு நெம்மேலிக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம். அப்பா ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். அம்மா கூடையோடு கேளம்பாக்கம் வரை போய் விற்றுவிட்டு வருவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். செங்கல்பட்டில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆளும் நான். வழிகாட்டி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் நடந்த முதல் ஆளும் நானே. இதை எழுதும்போது என் தலை கொஞ்சம் நிமிர்கிறது. நிமிரட்டும்.

ஒருநாள் கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு தாய்லாந்துப் பெண்மணி பையிலிருந்து தகர டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே மீன். எங்கள் குப்பத்து ஆட்கள் யாராக இருந்தாலும், அடுத்தவர் தட்டில் மீனைக் கண்டால் அது என்ன மீன் என்று பார்க்காமல் நகர மாட்டார்கள். நானும் கேட்டு வாங்கி டப்பாவைத் திருப்பினேன். பெயரின் முதல் எழுத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அது ப. வலது கொம்பு மட்டும் உயரமாக நீண்டிருந்தது, இடது முனையில் ஒரு சின்ன வளையம் இருந்தது. ஆனால் சந்தேகமே இல்லை, ப.

"இது என்ன எழுத்து?" என்றேன்.

"போ. போ ப்லா. ப்லா என்றால் மீன். எங்கள் பிள்ளைகள் இந்த எழுத்தை மீனோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கைபேசியில் தேடிக்கொண்டே போய் என் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். கம்போடியாவில் இதே எழுத்து தலையில் ஒரு கொண்டை வைத்துக்கொண்டிருக்கிறது. பர்மாவில் மூலையெல்லாம் தேய்ந்து, மேலே திறந்த வட்டமாகிவிட்டது. இந்தியில் மேலே கோடு போட்டுக்கொண்டு வலப்பக்கம் ஒரு காலை ஊன்றி நிற்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் உச்சியில் ஒரு கீற்று. மலையாளத்தில் இடப்பக்கம் சுருண்டுகொண்டது. எல்லாவற்றையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் பிராமி எழுத்தில் போய் நிற்கிறது. அங்கே இடது கொம்பு நீளம், வலது கொம்பு குட்டை. அச்சு அசலாகத் தூண்டில் முள்.

மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? தூண்டிலில் பிறந்த எழுத்து தாய்லாந்து போய் மீனைப் பிடித்தது என்று ஒரு கதையே தயார் செய்துவிட்டேன். அந்த நேரத்தில்தான், மாமல்லபுரத்துக்குப் பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் கல்வெட்டு பார்க்க வந்த ஓர் ஆய்வு மாணவி, என்னைவிட நான்கைந்து வயது சின்னவள், நான் பேசுவதைக் கேட்டுவிட்டு அருகில் வந்தாள்.

"அக்கா, தூண்டில்லேர்ந்து வந்ததுன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. பாத்தா அப்படித்தானே இருக்கு?"

"அப்ப பாத்தா அப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மேற்கே அரமேய எழுத்துன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல இருக்கற பே தான் இதுக்கு மூலம்னு ஒரு கட்சி, இல்ல இங்கேயே உண்டாக்குனதுன்னு ஒரு கட்சி. அந்தப் பே-ன்னா வாய்னு அர்த்தம். கிரேக்கத்துப் பை, இங்கிலீஷ் P எல்லாம் அந்த வழியில வந்ததுதான். நம்மளுது அந்தக் குடும்பமா இல்லையான்னு இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க."

எனக்கு முகம் சுருங்கவில்லை, உடம்பு சிலிர்த்தது. நான் கோலம் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெரிய வாசல் திறந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம். எனக்குத் தெரிந்ததை ஒரு குரலில் சொல்வேன், எனக்குத் தோன்றுவதை வேறு குரலில் சொல்வேன். கேட்கிறவருக்கு வித்தியாசம் புரிய வேண்டும்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

படூரில் அலுவலகம் வைத்திருக்கும் சுற்றுலாக் கம்பெனியின் மேலாளர் சுதாகர் சார், உங்களுக்குத் தெரிந்தவர்தான், என் யோசனையைக் கேட்டுவிட்டு ஒரு வாய்ப்பு தந்தார். "ஞாயித்துக்கெழம ஒரு குரூப் வருது. ஓடிச்சின்னா இந்த சீசன் முழுக்க தாய்லாந்து, கம்போடியா பக்கத்துக் குரூப் எல்லாம் உனக்கு. ஓடலன்னா ஏகாம்பரம் எடுத்துக்குவாரு. அவரையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். நான் முன்பு பார்த்துவந்த மருத்துவமனை பில்லிங் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்திருந்தேன். வீட்டில் திட்டு வாங்கியாகிவிட்டது. சீசன் கைக்கு வரவில்லை என்றால் திரும்பவும் அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியதுதான்.

வந்தவர்கள் தாய்லாந்து, கம்போடியா, பர்மா நாடுகளின் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள். சென்னையில் ஏதோ பயிற்சிக்கு வந்திருந்தார்கள். தாய்லாந்துக்காரர்களுக்கு மாலி என்ற ஆசிரியை பேச்சாளர் மாதிரி இருந்தார். மாலி என்றால் அவர்கள் மொழியில் மல்லிகை. கம்போடியக்காரர்களில் சொக் என்பவர் நல்ல ஆங்கிலம் பேசினார்.

சாளுவன்குப்பத்தில் பாறையைக் குடைந்த அதிரணசண்ட மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே ஒரு பக்கச் சுவரில் பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தில் பாடல்கள் வெட்டியிருக்கின்றன. எதிர்ச் சுவரில் அதே பாடல்கள் வடக்கத்தி நாகரி எழுத்தில். ஒரே இடத்தில் இரண்டு ப எதிரெதிராக முகம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. உலகத்தில் இப்படி எத்தனை இடம் இருக்கும்? அதை நினைத்தாலே எனக்குப் பேச்சு வேகமாகிவிடும்.

அந்த வேகம்தான் அன்று என்னைக் கவிழ்த்தது. கடற்கரை வெயில் கண்ணைக் கூச வைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து உள்ளே வந்த கண்களுக்குச் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. நான் டார்ச் அடித்து, இதோ, இதோ என்கிறேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். மாலி கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் இரண்டு பேர் இளநீர் வண்டிப் பக்கம் நகர்ந்தார்கள்.

சொக் கேட்டார், "இந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது?"

"மொழி சமஸ்கிருதம். எனக்கு இந்த ஓர் எழுத்தை மட்டும்தான் அடையாளம் தெரியும்" என்றேன்.

சுதாகர் சார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏகாம்பரம் அண்ணன் எனக்குக் கைகொடுக்கத்தான் முன்னால் வந்தார். கூட்டம் கலைகிறது, பொண்ணு தடுமாறுது, காப்பாத்தணும், அவ்வளவுதான் அவர் மனதில். கையைச் சுவர் பக்கம் வீசி, கடல் பக்கம் வீசி, கணீரென்ற ஆங்கிலத்தில் சொன்னார். "எல்லா எழுத்தும் இங்கிருந்துதான். பல்லவ ராஜா கப்பல் விட்டார். எழுத்து ஏறிப்போச்சு. தாய்லாந்து, கம்போடியா, பர்மா, எல்லாம் நாங்க குடுத்தது. நீங்க காப்பி."

நம் தொழிலில் இந்த வசனம் புதிதல்ல. உள்ளூர்க் கூட்டமாக இருந்தால் கைதட்டு நிச்சயம். பத்தில் எட்டு வழிகாட்டிகள் ஏதாவது ஓர் இடத்தில் 'உலகத்துக்கே நாமதான்' என்று முடிப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் அன்று முன்னால் நின்றவர்கள் அந்த உலகத்திலிருந்து வந்தவர்கள். காப்பி என்ற சொல் ஆசிரியர்களின் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் பிள்ளைகளை அதட்டப் பயன்படுத்தும் சொல் அது.

சொக் கைகளைக் கட்டிக்கொண்டார். "தாய்லாந்து எழுத்து எங்களிடமிருந்து போனது. அது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

மாலி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்கள் எழுத்தை எங்கள் அரசர் உருவாக்கினார்."

இரண்டு நாட்டுக்கும் எல்லையில் பிணக்கு என்று செய்தியில் பார்த்திருந்தேன். காலையில் ஒரே வண்டியில் பிஸ்கட் பாக்கெட்டைக் கைமாற்றிக்கொண்டு வந்தவர்கள், இப்போது மண்டபத்தின் இரண்டு தூண்களுக்கு இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். சுதாகர் சார் என் காதருகே வந்தார்.

"ஏகாம்பரம் சொன்னதுக்கு ஆமான்னுட்டு அடுத்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போ. பிரச்சினைய வளக்காத."

கவனியுங்கள், இங்கேதான் சிக்கல். அண்ணன் சொன்னது முழுப்பொய்யாக இருந்தால் மறுப்பது சுலபம். பல்லவர் எழுத்து கடல் கடந்து போனது உண்மை. கம்போடிய எழுத்து அதன் வழியில் வந்தது. தாய்லாந்து எழுத்து கம்போடிய எழுத்தைத் தழுவி வந்தது என்றுதான் நானும் படித்திருக்கிறேன். பாதி உண்மையை மறுத்தால் நான் பொய் சொன்னவள். ஆமாம் என்றால் மீதிப் பாதிக்கும் கையெழுத்துப் போட்ட மாதிரி. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சீசன் என் கண் முன்னால் வண்டியேறிப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று பட்டது. இவர்கள் ஆசிரியர்கள். வாதம் செய்யச் சொன்னால் செய்துகொண்டே இருப்பார்கள். பாடம் எடுக்கச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

"வெளியே மணலுக்கு வாங்க. இந்த எழுத்தை ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிக் கைபிடிச்சுச் சொல்லித் தருவீங்களோ, அப்படி எனக்குச் சொல்லித் தாங்க" என்றேன்.

மாலி செருப்பைக் கழற்றிவிட்டுச் சவுக்கு நிழலில் குந்தினார். இடப்பக்கம் மேலே ஒரு சின்ன வளையம், அங்கிருந்து கீழே இறங்கி, குறுக்கே போய், வலப்பக்கம் ஏறி, உயரத்துக்கு ஒரே இழுப்பு. நான் பக்கத்தில் குந்தி என் ப-வை எழுதினேன். இடப்பக்கம் இறக்கம், குறுக்கே, வலப்பக்கம் ஏற்றம். சொக் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் தப்பாக எழுதும் பிள்ளையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது இல்லையா, அவரும் வந்து குந்திவிட்டார். அவருடைய எழுத்தும் இறங்கி, குறுக்கே போய், ஏறியது. பர்மாக்காரர்கள் விரலை மணலிலிருந்து எடுக்காமல் ஒரே சுற்றில் அதே வழியில் போனார்கள்.

"இன்னொரு தடவை, எல்லாரும் ஒண்ணா" என்றேன்.

அத்தனை விரல்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. ஒரே நேரத்தில் குறுக்கே நகர்ந்தன. ஒரே நேரத்தில் மேலே ஏறின. உருவங்கள் வேறு, கை போன பாதை ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. மாலி சொக்கின் எழுத்தைப் பார்த்து, "உங்களுடையது தொப்பி போட்டிருக்கிறது" என்றார். "உங்களுடையது தொப்பியைத் தொலைத்துவிட்டது" என்றார் சொக். மணலுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். இளநீர் வண்டிக்குப் போனவர்கள் இளநீரோடு திரும்பி வந்திருந்தார்கள்.

சொக் விடுவதாக இல்லை. நல்ல ஆசிரியர், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் எழ மாட்டார். "சரி. அப்படியானால் இது யாருடையது? உங்களுடையதா?"

சுதாகர் சாரும் ஏகாம்பரம் அண்ணனும் என் பின்னால் நிற்கிறார்கள் என்பது தெரியும். நான் மெதுவாகத்தான் சொன்னேன்.

"சுவரில் இருக்கும் எழுத்து கடல் தாண்டி உங்கள் ஊர்களுக்கு வந்தது உண்மை. வந்த பிறகு அதை வளைத்து, நிமிர்த்தி, உங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றியது நீங்கள். நான் எழுதும் ப உங்கள் எழுத்துக்குத் தாய் இல்லை, உறவுக்காரி. எல்லாருக்கும் மூத்தவள் பிராமி. அவளுக்கு முன்னால் யார் என்று எனக்குத் தெரியாது. படித்தவர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னுடையதா என்று கேட்டீர்கள். இங்கிருந்து வடக்கே இதே கரையில் என் வீடு. என் அப்பாவுக்கு இந்த எழுத்தை எழுதத் தெரியாது. அவருடைய அப்பாவுக்கும் தெரியாது. உங்கள் ஊருக்குக் கப்பலில் வந்த எழுத்து, பக்கத்திலேயே இருந்த எங்கள் வீட்டுக்கு நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்குத்தான் வந்தது. உங்களுக்கெல்லாம் எத்தனையோ நூற்றாண்டு பிந்தி. நான் எப்படிக் கொடுத்தவள் ஆவேன்? நானும் வாங்கியவள்தான். உங்களுக்குப் பிறகு வாங்கியவள்."

மாலி அதைத் தன் மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னார். சொக் கட்டியிருந்த கைகள் எப்போதோ அவிழ்ந்திருந்தன.

"உங்கள் அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"பழனி."

அவர் மணலை உள்ளங்கையால் சமப்படுத்திக்கொண்டு தன் எழுத்தில் அந்தப் பெயரை எழுதத் தொடங்கினார். மாலி அவருக்குப் பக்கத்தில் தன் எழுத்தில் எழுதினார். பர்மாக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ழ-வுக்கு ஆளாளுக்குத் தடுமாறி, ஒருவருக்கொருவர் நாக்கைக் காட்டிப் பழகி, கடைசியில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். நான் தமிழில் எழுதினேன். தன் பெயரை எழுதத் தெரியாத என் அப்பாவின் பெயர் நான்கு நாட்டு எழுத்துகளில் அந்த நிழலில் கிடந்தது. எல்லாரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தோம். அடுத்து மாலியின் அம்மா பெயர் வேண்டும் என்றார்கள், பிறகு சொக்கின் மகள் பெயர்.

ஏகாம்பரம் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னா வேணி, நம்ம கெத்த நீயே எறக்கி வச்சிட்ட?"

"அண்ணா, வண்டியப் பாருங்க. ஒருத்தராவது ஏறியிருக்காங்களா?"

அவர் வண்டியைப் பார்த்தார். டிரைவர் மட்டும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். "சோறு ஆறிப்போவுதுன்னு ஓட்டல்காரன் போன் மேல போன் போட்டுகினு கீறான்" என்று சொல்லிவிட்டு, அவரும் போய் மணலில் தன் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். ஏ-வுக்கு என்ன செய்வது என்று அங்கே ஒரு புது விவாதம் கிளம்பியது.

வண்டியில் திரும்பி இறங்கும் இடத்தில் சுதாகர் சார் கேட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பிரோஷர்ல என்னம்மா போடறது? 'எழுத்து தந்த கரை'ன்னு போடலாம்னு இருந்தேன். நீ சொன்னத வச்சிப் பாத்தா, 'எங்களுக்கும் லேட்டாத்தான் வந்துச்சு'ன்னு போடணும். எவன் வருவான்?"

"தந்த கரைன்னு போட்டா நான் வர மாட்டேன் சார்" என்றேன். சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.

அவர் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பிறகு போனில் ஒரு படம் அனுப்பினார். பிரோஷரின் முகப்பு. தலைப்பு, வாசகம், பெருமை எதுவும் இல்லை. மணலில் நான்கு விதமாகக் கிடக்கும் பழனி, சுற்றிலும் வெறுங்கால்கள். கீழே கம்பெனி பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும். சீசன் எனக்கு என்று அதற்குக் கீழே ஒரு வரி.

அதை அப்பாவிடம் காட்டினேன். வலையைப் பிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இன்னா இது, நண்டு போன தடம் மாதிரி கீது" என்றார். உங்க பேருதான், நாலு ஊரு எழுத்துல, என்றேன். கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று முழுக்கத் திருப்பித் தரவில்லை. குப்பத்தில் பார்க்காதவர் பாக்கி இல்லை.

அந்தக் காலையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் நிற்பவர் நீங்கள் காட்டும் பொருளுக்கு உறவுக்காரராக இருக்கலாம். பெருமை பேசும் ஆசை தொண்டை வரை வரும், ஏனென்றால் அதில் பாதி உண்மையாகவே இருக்கும். அப்போது அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த அளவை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் கூட்டம் போய்விடாது. நான் பார்த்துவிட்டேன், போகவில்லை.

ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடவும் கூடாது. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று சொக் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பாடல்களின் பொருளைப் புத்தகத்தில் பார்த்து ஒப்பித்துவிடலாம். எனக்கு அது வேண்டாம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை என் கண்ணாலேயே படித்துக்கொண்டு போக வேண்டும்.

சென்னையில் கல்வெட்டியல் பட்டயப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். கட்டணம் கட்டியாகிவிட்டது. வகுப்பு சனியும் ஞாயிறும், குழுக்கள் அதிகமாக வருவதும் அதே இரண்டு நாட்கள். சுதாகர் சாரிடம் சொல்லிவிட்டேன், சனி ஞாயிறு நடைகள் இனி உங்களுடையவை. வருகிற சனிக்கிழமை ஜாவாவிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்கள் தங்கள் பழைய ஜாவா எழுத்தில் ப-வை எங்கே தொடங்கி எங்கே முடிப்பார்கள் என்பதை நான் யார் எழுதியும் நேரில் பார்த்ததில்லை. பார்த்து வைத்து எனக்குச் சொல்லுங்கள். அந்த நேரம் நான் பஸ்ஸில் திருவான்மியூரைத் தாண்டியிருப்பேன்.